வாடிக்கையாளர் இடங்களின் நெட்வொர்க் கருவிகளுக்கு ஒரு மைய நிர்வாக ஏற்பாடு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் சிறு நிறுவனங்களுக்கு நெட்வொர்க் அமைத்துப் பராமரித்துத் தருவது எங்கள் தொழில். பனியன் கம்பெனிகள், சிறு மருத்துவமனைகள், பள்ளிகள், தங்கும் விடுதிகள் என முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் எங்கள் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ரவுட்டர் பெரும்பாலான இடங்களில் மைக்ரோடிக். வைஃபை அக்சஸ் பாயிண்டுகளில் பெரும்பகுதி டிபி-லிங்க் நிறுவனத்தின் ஒமாடா வரிசை, சில இடங்களில் யூனிஃபை. ஸ்விட்சுகளோ அந்தந்தக் காலத்தில் கையில் கிடைத்தவை. ஏதாவது கோளாறு என்று அழைப்பு வந்தால், அங்குள்ள கணக்குப் பிரிவுக் கணினியில் எனிடெஸ்க் என்னும் தொலைநிலை மென்பொருள் வழியாக நுழைந்து, அதிலிருந்து ரவுட்டரைத் திறந்து பார்ப்பதே இதுவரை நடைமுறை. மாலை ஆறரைக்கு அந்தக் கணினியை அணைத்துவிட்டுப் போய்விட்டால், மறுநாள் காலை வரை எங்களுக்கு அந்த இடம் இருட்டுதான். கடவுச்சொற்கள் ஒரு எக்செல் கோப்பில் இருந்தன. ரவுட்டர்களின் அமைப்புக் காப்புப்பிரதிகள் பொறியாளர்கள் ஒவ்வொருவருடைய மடிக்கணினியிலும் ஒவ்வொரு தேதியில் இருந்தன.

இந்த நிலையை மாற்றி, எல்லா இடங்களையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கவும் திருத்தவும் முடிகிற ஏற்பாடு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஆளுகிற ஒரே மென்பொருள் என்று எதுவும் எங்களுக்கு அமையவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று தேடியதில்தான் தொடக்கத்தில் அதிகக் காலம் போயிற்று. அமைப்பை மாற்றுவது, நிலையைக் கண்காணிப்பது, அமைப்பைக் காப்பெடுப்பது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள் என்று பிரித்துப் பார்த்த பிறகே தேர்வு எளிதாயிற்று.

நிபந்தனைகள்

மென்பொருள்களின் வசதிப் பட்டியலை ஒப்பிடுவதற்கு முன், எங்கள் இடங்களின் இயல்பை எழுதி வைத்துக்கொண்டோம். முதலாவது, இணைப்பின் திசை. எங்கள் வாடிக்கையாளர்களில் மிகச் சிலரே நிலையான பொது ஐபி முகவரிக்குப் பணம் கட்டுகிறார்கள். மற்றவர்களுடைய ரவுட்டரின் வெளிமுகத்தைப் பார்த்தால் 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் ஒரு முகவரி இருக்கும். இணைய நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைப்பதற்கென்று 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. வெளியிலிருந்து அந்த ரவுட்டரைத் தொடவே முடியாது. வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆகவே கருவிதான் சர்வரை நோக்கி இணைப்பைத் தொடங்க வேண்டும். சர்வர் கருவியைத் தேடிப் போக வேண்டியிருக்கும் எந்த மென்பொருளும், அதற்கு அடியில் ஒரு டனல், அதாவது இணையத்தின் ஊடே ஒரு தனி இணைப்பு, போடாமல் எங்களுக்குப் பயன்படாது.

இரண்டாவது, எங்கள் சர்வர் நின்றுபோனாலும் வாடிக்கையாளரின் நெட்வொர்க் நிற்கக் கூடாது. மூன்றாவது, ஆண்டு உரிமக் கட்டணம். கிளவுட் வழியாக மட்டுமே நிர்வகிக்கப்படும் மெராக்கி போன்ற கருவிகளின் நிர்வாகத் திரை மிக நேர்த்தியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாக் கருவிகளின் உரிமமும் ஒரே நாளில் முடியும் இணை முடிவுத் தேதி முறையில் உரிமம் காலாவதியாகி, 30 நாள் சலுகைக் காலமும் கடந்தால், கருவிகள் போக்குவரத்தையே நிறுத்திவிடும். தீபாவளி போனஸ் மாதத்தில் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தள்ளிப் போடுகிற ஒரு பனியன் கம்பெனிக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. நான்காவது நிபந்தனையை எங்கள் கூட்டாளி வலியுறுத்தினார்: ஒரு வாடிக்கையாளர் நாளை எங்களை விட்டு வேறொருவரிடம் போனால், அவருடைய கருவிகளின் அமைப்பு முழுவதையும் சேதமில்லாமல் அவர் கையில் கொடுத்தனுப்ப முடிய வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கிய ரவுட்டருக்கு நாங்கள் பூட்டுப் போட்டு வைத்திருப்பது முறையல்ல என்பது கூட்டாளியின் வாதம். இந்தக் கடைசி நிபந்தனைதான், பின்னால் பார்க்கும்போது, தேர்வை அதிகம் வழிநடத்தியது.

மேசைச் சோதனை

அலுவலகத்தில் ஒரு மேசையில் ஒரு சிறு கிளையை அமைத்தோம். மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர் ஒன்று, அதாவது 880 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர் செயலியும் 256 எம்பி நினைவகமும் 16 எம்பி ஃபிளாஷும் கொண்ட ஆர்பி750ஜிஆர்3. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் நான்கு பிஓஇ போர்ட்டுகளுக்கும் சேர்த்து 62 வாட் தரக்கூடிய டிஎல்-எஸ்ஜி2008பி ஸ்விட்ச் ஒன்று. ஒமாடா ஈஏபி225 ஒன்று. யூனிஃபை யூ6 லைட் ஒன்று. வெளியிணைப்புக்கு அலுவலக ஃபைபரைக் கொடுக்காமல் வேண்டுமென்றே ஒரு 4ஜி மோடத்தைக் கொடுத்தோம். பொது முகவரி கிடைக்காத மிக மோசமான நிலையில் ஒன்று வேலை செய்தால், மற்ற எல்லா இடங்களிலும் வேலை செய்யும் என்பது கணக்கு.

சர்வருக்கு முதலில் வாடகைச் சர்வர் எடுக்கவில்லை. அலமாரியில் செலரான் ஜே4125 செயலி கொண்ட ஒரு சிறு கணினி 8 ஜிபி நினைவகத்துடன் சும்மா கிடந்தது. அதில் உபுண்டு 22.04 நிறுவி, யூனிஃபை கருவிகளை ஆளும் மென்பொருளான கன்ட்ரோலரை ஏற்றத் தொடங்கினோம். அந்தக் கன்ட்ரோலருக்கு அடியில் மோங்கோடிபி தரவுத்தளம் வேண்டும். மோங்கோடிபி 7.0-ஐ நிறுவியவுடன் "சட்டவிரோதக் கட்டளை" என்ற பிழையோடு அது நின்றுவிட்டது. மோங்கோடிபி 5.0 முதல், இன்டெல் வகைச் செயலிகளில் ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைத் தொகுதி கட்டாயம். ஜே4125-இல் அது கிடையாது. சரி, 4.4-க்குப் போவோம் என்றால், அது எதிர்பார்க்கும் பழைய ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் உபுண்டு 22.04-இல் இல்லை, தேடி எடுத்துத் தனியாக நிறுவினால் ஓடும், ஓடவும் செய்தது. ஆனால் 4.4 பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. முப்பது வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் உறங்கும் தரவுத்தளத்தை ஆதரவு முடிந்த பதிப்பில் வைப்பது தகாது என்று அந்தக் கணினியைக் கைவிட்டோம். சிறு கணினி வாங்கிக் கன்ட்ரோலர் நிறுவ நினைப்பவர்கள், லினக்ஸில் செயலி விவரப் பட்டியலை ஒருமுறை திறந்து ஏவிஎக்ஸ் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அடுத்து டிஆர்-069 வழி. இணைய நிறுவனங்கள் வீட்டு மோடங்களை ஆள்வதற்குப் பயன்படுத்தும் நெறிமுறை அது. கருவியே சர்வரை அழைக்கும் என்பதால் எங்கள் முதல் நிபந்தனைக்கு அப்படியே பொருந்துகிறது. ஜீனிஏசிஎஸ் என்ற திறமூல சர்வரை நிறுவி, ஹெக்ஸில் டிஆர்-069 தொகுப்பைச் சேர்த்து, 7547 போர்ட்டில் அது வந்து சேர்வதைப் பார்த்தபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு நிரல் எழுத வேண்டும். ஒரே மாதிரியான பத்தாயிரம் மோடங்கள் இருக்கும் இடத்தில் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. எங்களிடம் இருப்பவையோ ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத முப்பது சொச்சம் ரவுட்டர்கள். ஒன்றில் இரண்டு இணைய இணைப்புகள், இன்னொன்றில் கேமராக்களுக்குத் தனி விலேன் (பிரித்து வைத்த உள்நெட்வொர்க்), வேறொன்றில் பில்லிங் சர்வருக்குத் தனி விதிகள். விட்டுவிட்டோம். மைக்ரோடிக்கின் சொந்தக் கண்காணிப்பு மென்பொருளான டூட்-ஐயும் ஓட்டிப் பார்த்தோம்; அதன் வரைபடத் திரை இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு விண்டோஸ் கிளையண்ட் வேண்டும், அமைப்பின் வரலாற்றையும் அது வைத்திருக்காது.

வைஃபைக்கும் ஸ்விட்சுக்கும் ஒமாடாவா யூனிஃபையா என்பதில் தொழில்நுட்ப அளவில் பெரிய வேறுபாடு எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டுமே சொந்தச் சர்வரில் கட்டணமின்றி ஓடும். இரண்டிலும் கருவியே கன்ட்ரோலரை அழைக்கிறது. ஒரு இடத்தை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்து வேறு கன்ட்ரோலருக்கு அனுப்பும் வசதி இரண்டிலும் உண்டு. கன்ட்ரோலரை நிறுத்திவிட்டு மேசையில் சோதித்தபோது, இரண்டு அக்சஸ் பாயிண்டுகளும் தங்கள் வேலையைத் தொடர்ந்தன. விருந்தினர் வைஃபைக்கான நுழைவுப் பக்கம் மட்டும், கன்ட்ரோலரே அதை வழங்குவதால், இரண்டிலும் நின்றுபோயிற்று. விடுதிகளுக்கு இது முக்கியம் என்பதால், அவற்றுக்கு நுழைவுப் பக்கத்தை மைக்ரோடிக் ரவுட்டரின் ஹாட்ஸ்பாட் வசதிக்கே மாற்றினோம். இறுதியில் ஒமாடாவைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது: எங்கள் இடங்களில் ஏற்கெனவே அதிகம் இருந்தவை அவை, பழுதான அக்சஸ் பாயிண்டுக்கு மாற்று கோவையிலேயே அன்றைக்கே கிடைக்கிறது.

இரண்டு கன்ட்ரோலர்களையும் ஒரே சர்வரில் வைக்கலாமே என்று தோன்றும். நுழைவுப் பக்கத்துக்கு இரண்டும் 8843 போர்ட்டையே கேட்கின்றன. இரண்டும் ஜாவாவோடு தரவுத்தளத்தையும் இழுத்துக்கொண்டு நினைவகத்தைத் தின்பவை. எஞ்சியிருந்த யூனிஃபை இடங்களுக்குத் தனியே ஒரு சிறு சர்வரை ஒதுக்கி, அந்தக் கருவிகள் ஓய்வு பெறும் வரை ஓடட்டும் என்று விட்டோம்.

சர்வரும் பெயரும்

வாடகைச் சர்வரை இந்தியாவிலுள்ள தரவு மையத்திலேயே எடுத்தோம். தாமதம் குறைவு என்பது ஒரு காரணம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்கு இந்திய எல்லைக்குள் வைத்திருக்கச் சொல்கிறது என்பது இன்னொன்று. முதலில் 2 ஜிபி நினைவகம் கொண்ட சர்வர், மாதம் 12 டாலர். ஒமாடா மட்டும் இருந்தவரை சமாளித்தது. கண்காணிப்பு மென்பொருளான லிப்ரேஎன்எம்எஸ் ஏறியவுடன், நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் நிரம்பி, திரை திறக்கவே அரை நிமிடம் ஆயிற்று. 4 ஜிபி, இரண்டு கோர், 80 ஜிபி வட்டு என்ற அளவுக்கு உயர்த்திய பிறகு, மாதம் 24 டாலருக்கு எல்லாம் சீராக ஓடுகிறது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.

இந்தப் பணியில் நான் யாருக்கேனும் ஒரே ஒரு அறிவுரை சொல்ல முடியுமென்றால், கருவிகளுக்கு ஐபி முகவரியைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், பெயரைச் சொல்லிக் கொடுங்கள் என்பேன். தொலைவிலுள்ள ஒமாடா கருவிக்குக் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று அறிவிக்க மூன்று வழிகள் உண்டு: கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபியில் 138-ஆம் தெரிவு, கண்டறியும் சிறு மென்பொருள், கருவியின் சொந்தத் திரையில் அறிவிப்பு முகவரியை எழுதுவது. முதல் வழி மிக வசதியானது. புது அக்சஸ் பாயிண்டைச் செருகினாலே கன்ட்ரோலரில் வந்து நிற்கும். ஆகவே தொடக்கத்தில் பல இடங்களில் அதையே செய்தோம். ஆனால் 138-ஆம் தெரிவு ஐபி முகவரியை மட்டுமே ஏற்கும். சர்வரின் அளவை உயர்த்தி வேறொரு தரவு மையத்துக்கு மாறியபோது, முகவரியும் மாறியது. அந்த இடங்களின் ரவுட்டர்கள் ஒவ்வொன்றிலும் நுழைந்து எண்ணை மாற்ற வேண்டியதாயிற்று. அறிவிப்பு முகவரியில் எங்கள் டொமைன் பெயரை எழுதியிருந்த இடங்கள் மட்டும், பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவை மாற்றிய சற்று நேரத்தில் தாமாகவே வந்து சேர்ந்தன. இப்போது நடைமுறை இது: புதுக் கருவியை அலுவலகத்திலேயே திறந்து, பெயரை எழுதி, ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். கன்ட்ரோலரின் அமைப்பிலும் தன்னைத் தானே அடையாளம் காட்டும் இடத்தில் அதே பெயரை எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது தன் ஐபி முகவரியைக் கருவிகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

ஃபயர்வாலில் ஒமாடாவுக்கு 29810 யூடிபியும், 29811 முதல் 29816 வரை டிசிபியும் திறந்திருக்கின்றன. நிர்வாகத் திரையின் 8043 போர்ட் இணையத்துக்கு மூடப்பட்டிருக்கிறது. எங்கள் பொறியாளர்கள் வயர்கார்ட் என்னும் டனல் மென்பொருள் வழியாக வந்தால்தான் அது திறக்கும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் ஜாவா நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை யூனிஃபை, ஒமாடா இரண்டின் கன்ட்ரோலர்களையும் பாதித்தது. அத்தகைய ஓட்டை வெளிப்படும் நாளில், திருத்தம் வந்து அதை நாம் ஏற்றுவதற்குள் இருக்கும் இடைவெளிதான் ஆபத்தான நேரம். திரை வெளியே தெரியாமல் இருப்பது அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ள உதவும்.

ரவுட்டர்களுக்கு வயர்கார்ட்

மைக்ரோடிக் ரவுட்டர்களுக்குத் தனி வழி. ஒவ்வொரு ரவுட்டரும் எங்கள் சர்வரை நோக்கி ஒரு வயர்கார்ட் டனலைத் தொடங்குகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணையே டனல் முகவரியின் கடைசிப் பகுதியாக வைத்தோம். ஏழாம் இடம் என்றால் 10.77.0.7. உயிர்ப்புச் செய்தி 25 வினாடிக்கு ஒருமுறை. அது இல்லாவிட்டால் இணைய நிறுவனத்தின் முகவரி மாற்றி, சும்மா இருக்கும் இணைப்பைச் சிறிது நேரத்தில் மறந்துவிடும்.

வயர்கார்ட், மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர் ஓஎஸ் 7-இல்தான் உண்டு. எங்களிடம் பாதிக்கும் மேல் ஓடியது 6. பதிப்பை உயர்த்துவதில் சிக்கல் 16 எம்பி ஃபிளாஷ்தான். முன்னவர் யாரோ ரவுட்டரிலேயே சேமித்து வைத்த பழைய காப்புக் கோப்புகளை நீக்காமல் தொடங்கினால், இடமில்லை என்று மேம்பாடு நின்றுவிடும். கோப்புகளை நீக்கி, முதலில் 6-இன் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்து, பிறகு 7-க்கு ஏற்றி, அதன் பின் ரவுட்டர்போர்டு ஃபெர்ம்வேரையும் உயர்த்தி மறுதொடக்கம் செய்வது என்ற வரிசை நன்றாக வேலை செய்தது. 32 எம்பி நினைவகம் மட்டுமே கொண்ட பழைய ஹேப் லைட் ரவுட்டர்களில் இதைச் செய்ய முயலவில்லை, அவற்றை மாற்றிவிட்டோம். பதிப்பு உயர்வு ஒவ்வொன்றும் அந்த இடத்தில் எங்கள் ஆள் ஒருவர் கையில் மாற்று ரவுட்டரோடு நிற்கும்போதே நடந்தது. தொலைவிலிருந்து விதிகளை மாற்றும்போது, பாதுகாப்பு நிலை என்னும் சேஃப் மோடு இயக்கத்திலேயே செய்கிறோம்; தவறான விதியால் இணைப்பு அறுந்தால், ரவுட்டர் தானே முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும்.

முகவரி மோதல் அடுத்த தலைவலி. பாதி இடங்களில் உள்நெட்வொர்க் 192.168.1.0, மீதியில் மைக்ரோடிக்கின் தொழிற்சாலை அமைப்பான 192.168.88.0. அவற்றின் உள்ளே இருக்கும் ஸ்விட்சுகளையும் கேமரா பதிவுக் கருவிகளையும் சர்வரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால், ஒரே முகவரி பல இடங்களில் இருக்க முடியாது. எல்லாவற்றையும் மறு எண்ணிடலாம் என்று ஒரு பள்ளியில் தொடங்கினோம். பிரிண்டர், விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி, டிவிஆர், ஆசிரியர் அறைக் கணினியில் யாரோ கையால் எழுதிய முகவரி என ஒவ்வொன்றாக அறுந்து, சனிக்கிழமை முழுவதும் அங்கேயே போயிற்று. மற்ற இடங்களில் உள்முகவரியைத் தொடவில்லை. ரவுட்டரில் நெட்மேப் விதி ஒன்றைப் போட்டு, ஏழாம் இடத்தின் 192.168.1.0 தொகுதி முழுவதும் எங்களுக்கு 10.78.7.0 ஆகத் தெரியும்படி செய்தோம். ஒரே விதி, அந்த இடத்தில் எவருக்கும் எந்த மாற்றமும் தெரியாது.

டனல் தொடர்பாக நேரம் எடுத்துக்கொண்ட இரண்டு கோளாறுகளை விரிவாகவே எழுத வேண்டும்.

ஒன்று, கடிகாரம். திருப்பூர் பக்கம் ஒரு இடத்தில், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து இணையம் திரும்பிவிட்டது. டனல் மட்டும் வரவில்லை. ரவுட்டரை மறுதொடக்கம் செய்யச் சொன்னாலும் பயனில்லை. வயர்கார்ட் கைகுலுக்கும் ஒவ்வொரு முறையும் நேர முத்திரையை அனுப்புகிறது; முன்பு வந்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், பழைய செய்தியை யாரோ திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதி மறுமுனை அதைப் புறக்கணித்துவிடும். இந்தச் சிறு ரவுட்டர்களில் மின்கலம் பொருத்திய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய்த் திரும்பும்போது அவற்றின் நேரம் பின்னால் போய்விடுகிறது. வழக்கமாக, நேரச் சர்வரிடம் நேரம் கேட்கும் என்டிபி வழியாக அது சில வினாடிகளில் சரியாகிவிடும். ஆனால் அந்த இடத்தில் நேரச் சர்வராக எங்கள் சர்வரின் டனல் முகவரியை எழுதியிருந்தோம். நேரம் சரியானால்தான் டனல் வரும், டனல் வந்தால்தான் நேரம் சரியாகும். எல்லா இடங்களிலும் நேரச் சர்வரை டனலுக்கு வெளியே, பொது இணையத்தில் உள்ளதாக மாற்றிய பிறகு இது மறுபடி நிகழவில்லை.

இரண்டாவது, பொட்டல அளவு. ஃபைபர் எட்டாமல் 4ஜி-யில் ஓடும் ஒரு கிடங்கில், டனல் வந்தது, பிங் வந்தது, மைக்ரோடிக்கின் நிர்வாக மென்பொருளான விண்பாக்ஸின் உள்நுழைவுத் திரையும் வந்தது. முழு அமைப்பையும் எடுக்கச் சொன்னால் மட்டும் பாதியில் உறைந்துவிடும். உடைக்கக் கூடாது என்ற குறியோடு பிங் பொட்டலத்தின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்ததில், வயர்கார்டின் வழக்கமான 1420 பைட் அளவை எட்டுவதற்கு முன்பே பொட்டலங்கள் தொலைவது தெரிந்தது. அந்த இணைப்பின் இரு முனையிலும் எம்டியூவை, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவை, 1280-க்கு இறக்கினோம். ஐபிவி6-க்குக் குறைந்தபட்சமாக வகுக்கப்பட்ட அளவு அது என்பதால், எந்த ஒழுங்கான இணைப்பும் அதைச் சுமக்கும். நிர்வாகப் போக்குவரத்துக்கு வேகம் முக்கியமில்லை. ஆகவே இப்போது மொபைல் இணைப்பு உள்ள எல்லா இடங்களுக்கும் அந்த எண்ணையே முதலிலிருந்து வைத்துவிடுகிறோம்.

டனல்கள் நிலைத்த பிறகு, ரவுட்டர்களின் விண்பாக்ஸ் போர்ட் 8291 டனல் வழியாக மட்டுமே திறக்கும்படி மாற்றினோம். 2018-இல் விண்பாக்ஸ் ஓட்டை வழியாக உலகெங்கும் ஏராளமான மைக்ரோடிக் ரவுட்டர்களில் பிறர் புகுந்ததைக் கேட்ட பிறகும், நிலையான ஐபி உள்ள சில இடங்களில் வசதிக்காக அந்தப் போர்ட் திறந்தே இருந்தது. இந்தப் பணியில் எனக்கு மிகவும் நிம்மதி தந்த மாற்றம் அது.

காப்பும் கண்காணிப்பும்

அமைப்பைக் காப்பெடுக்க ஆக்சிடைஸ்டு. ரூபி மொழியில் எழுதப்பட்ட சிறு மென்பொருள் அது. கருவிப் பட்டியலை ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி வைத்தால், ஒவ்வொரு மணி நேரமும் டனல் வழியாக ஒவ்வொரு ரவுட்டரிலும் நுழைந்து அதன் அமைப்பை உரையாக எடுத்து, மாற்றம் இருந்தால், மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிடும். எந்த நாளில் எந்த வரி மாறியது என்பதை இப்போது பக்கம் பக்கமாகப் பார்க்க முடிகிறது. ஒரு மருத்துவமனையில் ஆய்வகக் கருவி சர்வரை எட்டவில்லை என்று புகார் வந்தபோது, அதற்கு முந்தைய வாரம் எங்கள் பொறியாளர் நீக்கிய ஒரு விதி அங்கே சிவப்பு வரியாக நின்றது. அதைத் திருப்பிப் போட்டதும் வேலை முடிந்தது.

ஆனால் காப்பு இருக்கிறது என்பதும் அதை மீட்க முடியும் என்பதும் வேறு வேறு. ஓர் உதிரி ஹெக்ஸை எடுத்து, களஞ்சியத்திலிருந்த உரையைக் கொண்டு ஓர் இடத்தை முழுதாக மீட்டுப் பார்த்தோம். இணைய நிறுவனத்தோடு இணைவதற்கான பிபிபிஓஇ கடவுச்சொல் வரவில்லை, வயர்கார்டின் தனித் திறவுகோல் வரவில்லை. ரவுட்டர் ஓஎஸ் 6-இல் ஏற்றுமதிக் கட்டளை ரகசியங்களையும் சேர்த்தே காட்டும். 7-இல் தனியாகக் கேட்டாலொழிய மறைத்துவிடும். பயனர் கணக்குகளும் சான்றிதழ்களும் எந்தப் பதிப்பிலும் அந்த உரையில் வருவதில்லை. களஞ்சியத்தில் ரகசியங்கள் இல்லாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்து, அவற்றை இடவாரியாக ஒரு கடவுச்சொல் பெட்டகத்தில் வைத்தோம். எக்செல் கோப்பு அன்றோடு அழிக்கப்பட்டது.

நிலையைப் பார்க்க லிப்ரேஎன்எம்எஸ். கருவிகளின் நிலையை எஸ்என்எம்பி என்னும் நெறிமுறை வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு வரைபடமாக வைத்துக்கொள்கிறது. எஸ்என்எம்பி தெரியாத கருவிகளைப் பிங் மட்டும் செய்து பார்க்கும். எச்சரிக்கைகள் டெலிகிராம் குழுவுக்கு வருகின்றன. முதல் வாரத்தில் அந்தக் குழுவைப் படிக்கவே முடியவில்லை. ஓர் இடத்தில் மின்சாரம் போனால் ரவுட்டர், ஸ்விட்ச், அதன் பின்னால் உள்ள கருவிகள் அனைத்துக்கும் தனித்தனி எச்சரிக்கை வந்தது. ஸ்விட்சுக்கு ரவுட்டரையும், மற்றவற்றுக்கு ஸ்விட்சையும் தாய்க்கருவியாகக் குறித்த பிறகு, மேலே உள்ளது விழுந்தால் கீழே உள்ளவற்றைப் பற்றி அது பேசுவதில்லை. பத்து நிமிடம் நீடித்தால் மட்டும் சொல் என்ற விதியையும், முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மின்தடை நாளுக்குப் பராமரிப்பு நேரத்தையும் சேர்த்தோம். இப்போது வரும் எச்சரிக்கைகள் உண்மையிலேயே யாராவது போய்ப் பார்க்க வேண்டியவை. ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவு ஸ்விட்சில் ஒரு போர்ட்டின் பிழை எண்ணிக்கை நாள்தோறும் ஏறுவதை வரைபடத்தில் பார்த்து, அவர்கள் புகார் சொல்வதற்கு முன்பே போய்க் கேபிள் முனையை மாற்றிவிட்டு வந்தோம். இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகளில் அழைக்காமலே போய்ச் சரிசெய்தது அதுதான் முதல்முறை. அந்த மேலாளர் முதலில் நம்பவே இல்லை.

செலவும், அடுத்த முறைக்கான பாடமும்

மென்பொருள் உரிமத்துக்கென்று எதுவும் கொடுக்கவில்லை. பெரிய சர்வருக்கு மாதம் 24 டாலர், யூனிஃபைக்கான சிறு சர்வருக்கு 12 டாலர், இவற்றின் அன்றாடக் காப்புப் படப்பிரதிக்கு அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. கூட்டினால் இடம் ஒன்றுக்கு மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்தான் விழுகிறது. உண்மையான செலவு ஆட்களின் நேரம். ஒரு இடத்தை முழுதாக இதற்குள் கொண்டுவர, பதிப்பு உயர்வு, டனல், நெட்மேப், அக்சஸ் பாயிண்டுகளை மாற்றி ஏற்பது, பழைய கடவுச்சொற்களை மாற்றுவது எல்லாம் சேர்த்து ஏறத்தாழ அரை நாள் பிடித்தது. ஸ்விட்சின் கடவுச்சொல் எவருக்கும் தெரியாத இடங்களில் அதைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய் மீண்டும் அமைக்க இரவில் போக வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு பள்ளி தன் குழுமத்தின் சொந்தத் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாறியது. ஒமாடாவிலிருந்து அந்த இடத்தை ஏற்றுமதி செய்த கோப்பு, ரவுட்டரின் தற்போதைய அமைப்பு உரை, பெட்டகத்திலிருந்த ரகசியங்கள், ஸ்விட்ச் போர்ட் பட்டியல் ஆகியவற்றைக் கொடுத்து, அவர்களுடைய கன்ட்ரோலரில் கருவிகள் ஏறியதைப் பார்த்த பிறகு, எங்கள் பக்கத்தில் டனல் சாவியை நீக்கினோம். ஒரு முற்பகலில் முடிந்தது. வகுப்புகளின் இணையம் ஒருமுறையும் நிற்கவில்லை. நான்காவது நிபந்தனைக்காகக் கூட்டாளி அன்று வாதாடியது சரிதான்.

மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால், டொமைன் பெயரை முதல் நாளே பதிவு செய்து, அதன் பிறகே முதல் கருவியைத் திறப்பேன். இட எண் திட்டத்தை 254-க்குள் முடங்காதபடி வகுப்பேன். வயர்கார்ட் ஒருமுறை பெயரை முகவரியாக மாற்றிக்கொண்டால் அதையே பிடித்துக்கொண்டிருப்பதால், சர்வர் மாறும் நாளை எண்ணி, டனல் எட்டாதபோது இணைப்பை அணைத்து மறுபடி இயக்கும் சிறு நிரலை ஒவ்வொரு ரவுட்டரிலும் தொடக்கத்திலேயே வைப்பேன். இப்போது அதைத்தான் இடம் இடமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். புதுப்பிப்பு ஒப்பந்தங்களில், அமைப்புக் கோப்புகளும் கடவுச்சொற்களும் வாடிக்கையாளருக்கே உரியவை என்றும், கேட்ட ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கப்படும் என்றும் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறோம். யூனிஃபை இடங்களில் மிச்சமிருப்பவை அடுத்த கோடை விடுமுறையில் மாறும். அதன் பிறகு அந்தச் சிறு சர்வரை நிறுத்திவிடலாம்.